லோயர் கேம்ப்: அணைக்குப் பிறந்த ஊர்

கூடலூரைத் தாண்டிக் குமுளிக்குப் போகும் சாலை மலையேறத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது லோயர் கேம்ப். மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திரும்பும் பெரியாற்று நீர், ராட்சதக் குழாய்களில் இறங்கி மின்நிலையத்தை இயக்கிவிட்டுக் கம்பம் பள்ளத்தாக்குக்குள் நுழைவது இங்கேதான். பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்கள் இந்தத் தண்ணீரை நம்பியே இருக்கின்றன. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக்குக்கு 2013இல் திறக்கப்பட்ட மணிமண்டபம் இவ்வூரின் அடையாளமாகிவிட்டது. ஆனால் 1887 முதல் 1895 வரை அந்த அணை வேலைக்கு வந்த கூலியாட்கள் பட்ட பாட்டைச் சொல்லாமல் இந்த ஊரின் கதை முழுமையாகாது.

அணை கட்டிய இடம் யானைகள் திரியும் அடர்காடு. அரிசி, பருப்பு முதல் சுண்ணாம்பு வரை எல்லாம் அடிவாரத்திலிருந்து மேலே போயாக வேண்டும். மழைக்காலத்தில் வெள்ளம் வந்து கட்டியதை அடித்துக்கொண்டு போனது. வெயில் காலத்தில் முறைக்காய்ச்சல் எனும் மலேரியா பரவியதால் வேலையையே நிறுத்த வேண்டியிருந்தது. மலேரியாவைக் கொசுதான் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் கண்டறிந்தது 1897இல். அணை முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. எதனால் சாகிறோம் என்றே தெரியாமல் கூலியாட்கள் செத்தார்கள். நோயால் மட்டும் 483 பேர் இறந்ததாகக் கணக்கு. அணைக்கு அருகிலேயே அவர்களுக்கு இடுகாடு அமைந்தது.

பென்னிகுயிக் இல்லாமல் அணை ஏது என்று கேட்கலாம். உண்மைதான், வெள்ளம் மீண்டும் மீண்டும் அழித்தபோதும் தளராத அவரை இந்த மண் கும்பிடுவது நியாயமே. அவரோடு நின்றவர்களையும் நினைப்பதால் அவர் பெருமை குறையாது. கூலி வாங்கித்தானே உழைத்தார்கள் என்பது இன்னொரு வாதம். தாது வருஷப் பஞ்சம் முடிந்து பத்தாண்டுகூட ஆகாத காலம் அது. மானாவாரிச் சீமையில் வானம் பொய்த்தால் பட்டினிதான் என்றிருந்தவர்கள், பிழைப்புக்காகக் காய்ச்சல் காட்டுக்குள் போனதை முழு விருப்பம் என்று சொல்லிவிட முடியாது. பெயர் தெரியாதவர்களுக்கு எப்படி நினைவுச் சின்னம் வைப்பது என்ற தயக்கமும் தேவையில்லை. எண்ணிக்கை இருக்கிறது, இடம் இருக்கிறது. ஒரு கல்வெட்டுக்கு அது போதும்.

ஆண்டுதோறும் ஜனவரி 15இல் இங்கே பொங்கல் வைத்துப் பென்னிகுயிக்கின் பிறந்தநாளைக் கொண்டாடுகிறோம். மணிமண்டப வளாகத்திலேயே அந்த 483 பேருக்கும் ஒரு கல் நட வேண்டும். அரசு செய்யட்டும், தாமதமானால் பாசன விவசாயிகளாகிய நாமே செய்வோம்.