எந்தச் சண்டைக்கு முதல்?

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்று. காலி வீதியின் இரைச்சல் நூறு அடி நடப்பதற்குள் அடங்கிவிடும். அதன் பிறகு கேட்பது ரயில் சத்தம் மட்டும். ரயில் போனபின் கடல். எங்கள் மூன்றாம் மாடி பல்கனிக்கு எதிரே ஓட்டுக்கூரை போட்ட ஒரு பழைய வீடு. இரு பக்கமும் தொடர்மாடிகள் எழும்பிவிட்டதால் மத்தியானத்துக்குப் பிறகு அதன் முற்றத்தில் வெயில் விழுவதில்லை.

அந்த வீட்டுக் கேற்றில் தகரப் பலகை ஒன்று கட்டியிருக்கிறது: "காணி விற்பனைக்கு." வீடு என்ற சொல் அதில் இல்லை.

சனிக்கிழமை காலை அந்த வீட்டுக்கார அம்மா என்னைக் கூப்பிட்டார். பார்க்க ஆட்கள் வருகிறார்களாம். தனியே நிற்க ஒரு மாதிரி இருக்கிறதாம். "நீங்கள் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை தம்பி, கூட நிண்டால் காணும்." நின்றேன்.

முதலில் வந்தவர் கட்டுமானக் கம்பனிக்காரர். கூட ஒரு தரகர். வீட்டுக்குள் வராமலே கம்பனிக்காரர் கேட்டார்: "எத்தினை பேர்ச்?" பிறகு, "றோட்டு எத்தினை அடி?" இரண்டாவது கேள்விதான் அவருக்கு முக்கியம். வீதியின் அகலத்தைப் பார்த்துத்தான் நகர அபிவிருத்தி அதிகார சபை எத்தனை மாடிக்கு அனுமதி தரலாம் என்று தீர்மானிக்கிறது.

தரகர் சுவரைத் தட்டிப் பார்த்தார். "நல்ல பழசு அன்ரி. சண்டைக்கு முதல் கட்டினதோ?"

"எந்தச் சண்டை தம்பி?"

அம்மா உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். தரகருக்கு முப்பது வயது இருக்கும். அவருக்குச் சண்டை என்றால் 2009 இல் முடிந்தது. அம்மாவுக்கு அப்படி ஒரே சண்டை இல்லை. "யப்பான்காரன் குண்டு போடேக்கையும் இந்த வீடு நிண்டதெண்டு அப்பா சொல்லுவார்," என்றார். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. யப்பானிய விமானங்கள் வடக்கே துறைமுகத்தையும் தெற்கே இரத்மலானை விமானத்தளத்தையும் தாக்கிய காலை அது. வெள்ளவத்தை இரண்டுக்கும் நடுவில். அதற்குப் பிறகு 58 கலவரம், பிறகு 83 கலவரம். எல்லாவற்றுக்கும் முந்திய சுவர் அது.

அடுத்து ஒரு இளம் சோடி வந்தது. அவர்களுக்குக் காணி வேண்டாம், இருக்க ஓர் இடம் வேண்டும். அம்மா திறப்பை எடுத்துக்கொண்டு வீட்டின் பக்கவாட்டுப் படியால் மேலே கூட்டிப்போனார். அங்கேதான் வாடகைக்கு விடும் அனெக்ஸ்.

ஒரே அறை. பதினாலு அடிக்குப் பன்னிரண்டு அடி. மூலையில் ஒரு சிமெந்துத் திட்டு, அதுதான் குசினி. பின்னால் ஒரு சின்னக் குளியலறை. சிவப்புச் சிமெந்து நிலம், கட்டில் கால்கள் இருந்த நாலு இடத்திலும் வெளுத்திருக்கிறது. யன்னல் கம்பிகளைக் கடற்காற்று தின்று, நடுவில் ஈர்க்குப் போல மெலிய வைத்திருக்கிறது. ஆனால் யன்னலைத் திறந்ததும் காற்று அறையை ஒரு தடவை சுற்றிவிட்டுக் கதவால் வெளியேறியது. விசிறி தேவைப்படாத அறை கொழும்பில் இப்போது எத்தனை இருக்கும்?

கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் வளைத்த கம்பி. அதில் கறண்ட் பில், தண்ணி பில், அடியில், இங்கே தங்குவதற்குப் பொலிஸில் பதிந்த, மஞ்சளாகிப்போன துண்டு. சண்டைக் காலத்தில் வடக்கிலிருந்து வந்து இந்த நகரத்தில் படுத்து எழும்பிய ஒவ்வொரு தமிழருக்கும் அந்தக் காகிதத்தின் பெறுமதி தெரியும். 2007 ஜூன் 7 அன்று கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்களை பொலிஸார் விடியமுன் பஸ்ஸில் ஏற்றி வெளியேற்றினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. லொட்ஜில் கிடந்தவர்களுக்கு வாசலில் நின்று "இது எங்கட ஆள்" என்று சொல்ல ஒருவர் இருக்கவில்லை. அனெக்ஸில் இருந்தவர்களுக்கு இந்த அம்மாவைப் போல ஒருவர் இருந்தார். வாடகையை விடப் பெரிய விஷயம் அது.

வளையைக் காட்டினார் அம்மா. கூரையைத் தாங்கும் அந்த மரத்தில் ஓர் இடம் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குத் தேய்ந்து மினுங்கியது. ஏணைக் கயிறு. "மூண்டு பிள்ளையள் இதில ஆடினவை. ஒண்டு இப்ப நோர்வேயில டொக்டர்." வங்கியில் வேலை செய்த பொடியன், கணக்கியல் படிக்க வந்த இரண்டு பிள்ளைகள், 95 இல் வடக்கில் நடந்த இடப்பெயர்வுக்குப் பிறகு வந்த குடும்பம், மகன் கூப்பிடுவான் என்று விசாவுக்குக் காத்திருந்த ஒரு தாய். வரிசையாகச் சொன்னார். யாரும் வாடகை பாக்கி வைத்ததாகச் சொல்லவில்லை. யார் என்ன சமைத்தார்கள் என்று சொன்னார்.

வந்திருந்த பெண் யன்னலை விட்டு நகரவில்லை. "இந்த அறையை மட்டும் எழுதித் தரேலாதா அம்மா?"

ஏலாது. ஒரு கட்டடத்தின் ஒரு பகுதியைத் தனி உறுதி முடித்து விற்க இங்கே சட்டம் வழி திறந்தது எழுபதுகளில்தான். 1973 இன் 11ஆம் இலக்கச் சட்டத்தில்தான் இன்றைய தொடர்மாடிகள் நிற்கின்றன. அதற்கும் முப்பது வருடங்களுக்கு மேல் மூத்த இந்த அறைக்குத் தனி உறுதி கிடையாது. விற்றால் முழுக் காணியும்தான். சகோதரங்கள் மூன்று நாட்டில். அற்றோணித் தத்துவம் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. அம்மாவையும் முழங்கால் முன்னைப் போலப் படி ஏற விடுவதில்லை. அவர் விற்பதில் பிழை சொல்ல எனக்கு மனமில்லை.

ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. இந்த அறை 168. காணிக் கணக்கில் முக்கால் பேர்ச்சும் வராது. கட்டடத்துக்கோ விலையே இல்லை. கம்பனிக்காரர் போகும்போது சொல்லிவிட்டுப் போனார்: கதவு நிலை, யன்னல், வளை எல்லாம் பழைய மரம், உடைக்க வருகிற ஆட்களே எடுத்துக்கொள்வார்கள், அதற்குத் தனிக் காசு தேவையில்லை. இந்த விலை பிழையானது. ஒரு சந்ததி தலை சாய்த்த இடத்தை வெறும் மண்ணாக அளக்கிறோம்.

எல்லோரும் போனபின் அம்மா யன்னலைச் சாத்தினார். கதவுக்குப் பின்னால் இருந்த அந்தக் கம்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார், பில்களோடு.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இப்படியான அறைகளில் இருந்து படித்து, காத்திருந்து, கப்பலோ பிளேனோ ஏறிப் போனவர்கள் உலகம் முழுக்க இருக்கிறீர்கள். அடுத்த முறை கொழும்புக்கு வந்தால் அந்த ஒழுங்கைக்குப் போய் வீடு நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் கேற்றைத் தட்டுங்கள். அந்த அறையை ஒரு படம் எடுங்கள். வீட்டுக்கார அம்மா இருந்தால், நீங்கள் என்ன சமைத்தீர்கள் என்று அவருக்கு ஞாபகம் இருக்கும்.