வடுகரின் நாய்கள்

சங்கப் புலவர்கள் அறிந்த தமிழகம் வடக்கே வேங்கட மலையோடு முடிந்தது. அதற்கு அப்பால் இருந்த நிலத்தை அவர்கள் மொழிபெயர் தேயம் என்றனர். மொழி மாறும் நாடு என்பது அதன் பொருள். அங்கு வாழ்ந்தோர் வடுகர் எனப்பட்டனர். அகநானூற்றிலும் நற்றிணையிலும் வரும் வடுகர் அச்சம் தருபவர்கள். அவர்களுடைய பறை கடுமையாக ஒலிக்கும், பேச்சு விளங்காது, உடன் வரும் நாய்களோ சினம் மிக்கவை.

இவ்வாறு கூறுவோர் யார் என்பதையும் நோக்குதல் வேண்டும். வடுகர் பெரும்பாலும் பாலைத் திணைப் பாடல்களிலேயே தோன்றுகின்றனர். பொருள் தேடிச் சென்ற தலைவன் இன்னும் திரும்பவில்லை. தலைவியும் தோழியும் காத்திருக்கின்றனர். அவர்கள் அந்நாட்டைக் கண்டதில்லை. கவலையே அவர்களுக்கு வடுகரைக் காட்டுகிறது. ஆயினும் மாமூலனாரின் குறுந்தொகைப் பாடலில் வரும் தலைவி, வடுகர் எல்லையைக் கடந்தேனும் தலைவனிடம் செல்வோம் என்று தன் நெஞ்சை எழுப்புகிறாள். அவள் கூறும் வடுகர் குல்லைக் கண்ணி சூடியவர்கள்! புறப்படத் துணிந்தவளின் பாட்டில் நாயைக் காணோம்.

ஐரோப்பியரும் தம் வடதிசை மாந்தரை இவ்வாறே கண்டனர். 793ஆம் ஆண்டில், கடல்வழி வந்த வைக்கிங்குகள் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் தீவிலிருந்த மடத்தைக் கொள்ளையிட்டனர். அவர்களைப் பற்றி அக்காலத்தில் எழுதியோர் பெரும்பாலும் துறவியரே. பொருளைப் பறிகொடுத்தோர் எழுதிய ஏட்டில், உழுதும் வாணிகம் செய்தும் வாழ்ந்த வைக்கிங்குகளுக்கு எங்கே இடம் இருக்கும்? கொம்பு வைத்த தலைக்கவசமோ துறவியர் கூறியதும் அன்று. 1876இல் ஜெர்மனியில் அரங்கேறிய வாக்னரின் இசை நாடகத்திற்கு உடை வரைந்த டோப்ளர் அதனைப் பரப்பினார். 1943இல் நார்வேயில் கிடைத்த வைக்கிங் தலைக்கவசத்தில் கொம்பே இல்லை.

நாய் வளர்த்தவர் தரப்புச் செய்தி ஒன்று, பல நூற்றாண்டுகள் பிந்தியதாயினும், பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. அது மண்டியா மாவட்டத்து ஆதகூரிலிருந்து வந்த கன்னட நடுகல். 949இல் தக்கோலத்தில் சோழ இளவரசர் இராசாதித்தர் வீழ்ந்த போரை அது குறிப்பிடுகிறது. அப்போரில் எதிர்த்தரப்பில் நின்றவன் மணலேரன். அவன் வீரத்தை மெச்சிய மன்னன், வேண்டியதைக் கேள் என்றான். பொன் கேட்டிருக்கலாம், ஊர் கேட்டிருக்கலாம். அவனோ காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டான்.

பின்னர் ஒரு வேட்டையில் காளி பெரிய காட்டுப்பன்றியோடு பொருதது. இரண்டும் மடிந்தன. மணலேரன் சிவன் கோயில் முன் அந்நாய்க்குக் கல் நாட்டி, நிலமும் விட்டான். பன்றியின் மேல் பாயும் காளியின் உருவம் அக்கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. அக்கல்லுக்குப் பூசை செய்யாமல் பூசகர் உணவு உண்ணலாகாது என்பதும் அதில் பொறித்த கட்டளை.