ஏழாவது குறிப்பு

புதையல் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் பக்கத்து மக்களுக்கு ரஞ்சன்குடிக் கோட்டைதான் நினைவுக்கு வரும். அதனுள் பொற்குடம் புதைந்து கிடப்பதாகக் கதை சொல்லாத பாட்டி இல்லை. அந்தக் கோட்டையைச் சுற்றி உண்மையில் எவரெவர் புதைந்து கிடக்கின்றனர் என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. 1751ஆம் ஆண்டு, அருகிலுள்ள வாலிகண்டபுரத்தில் ஆங்கிலேயரும் முகமது அலியின் படையும் ஒருபுறம், பிரெஞ்சுக்காரரும் சந்தா சாகிபும் மறுபுறமாக நின்று பொருதனர். ஆங்கிலப் படை நிலைகுலைந்து திருச்சிராப்பள்ளி நோக்கிப் பின்வாங்கியது. தலைவர்களின் பெயர்கள் வரலாற்று நூல்களில் வாழ்கின்றன. அவர்களுக்காக மாண்ட சிப்பாய்களுக்கென ஒரு கல்லையும் அவ்வெளியில் நான் கண்டதில்லை.

சென்ற ஆண்டு கல்லறைத் திருநாளுக்கு முந்திய சனிக்கிழமை, எங்கள் பங்கின் மறைக்கல்விப் பிள்ளைகளுக்குக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு புதையல் வேட்டை நடத்தினேன். இறந்தோர் துயிலும் இடத்தில் விளையாட்டா என்று முகம் சுளித்தோர் உண்டு. பங்குத்தந்தை முறுவலோடு இசைந்தார். புல் செதுக்க வாருங்கள் என்றால் வராத பிள்ளைகள், வேட்டை என்றதும் நாற்பது பேர் வந்து நின்றனர். பரிசு கடலைமிட்டாய்தான்.

ஏழு குறிப்புகள் எழுதிக் கொடுத்திருந்தேன். மிகப் பழைய ஆண்டு எது, இலத்தீன் எழுத்துள்ள கல் எது என்பன போன்றவை எளிதில் முடிந்தன. ‘கல்லுக்குள் கடலைக் காண்க’ என்ற குறிப்புக்கு மட்டும் சற்று நேரம் பிடித்தது. அரியலூர்ப் பகுதி கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் கிடந்தது. சிமெண்ட் ஆலைகள் தோண்டும் சுண்ணாம்புக்கல் அக்கடலின் எச்சமே. ஒரு பழஞ்சிலுவையின் பீடத்தில் சிப்பியின் வரிகள் தெளிவாகத் தெரிகின்றன. அதை முதலில் தொட்டுக் காட்டியவன் நான்காம் வகுப்புச் சிறுவன்.

‘வீரமாமுனிவரின் முதற்பெயரைத் தாங்கியவர்’ என்பது ஐந்தாம் குறிப்பு. இத்தாலியிலிருந்து வந்த பெஸ்கி அடிகளார் முதலில் தைரியநாதர் என்றே அழைக்கப்பட்டார். ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர் எனப் பெயரிட்டு, அங்குள்ள அடைக்கல அன்னைக்குக் கலம்பகம் பாடிய அப்பெருமகனார் இந்த மண்ணில் அடக்கம் பெறவில்லை. 1747இல் கேரளத்தின் அம்பழக்காட்டில் மறைந்தார் என்பர். ஆயினும் எங்கள் கல்லறையில் தைரியநாதர்கள் மூவர் துயில்கின்றனர்.

ஏழாவது குறிப்பு இது: ‘பெயர் எழுதப்படாத ஒருவரின் பெயரைக் கண்டறிந்து வருக.’

இதற்கு ஓடையைக் கடக்க வேண்டும். கிழக்கே கல்லும் காரையுமாகக் கட்டிய கல்லறைகள். ஓடைக்கு மேற்கே எங்கள் தெருவாரின் அடக்கம். சுவர் ஏதும் இல்லை. இருந்தாலும் எந்த உடல் எப்பக்கம் போகும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். மேற்கே மண்மேடுகளும் மரச்சிலுவைகளும் மட்டுமே. நாலைந்து மழைக்காலத்தில் கறையான் சிலுவையை முடித்துவிடும். “பிள்ளைகளை அங்கே ஏன் அனுப்புகிறீர்கள், வாத்தியாரே? பாம்பு கிடக்கும்” என்றார் பெரியவர் ஒருவர். பாம்பு என்னவோ ஓடையின் இருபுறமும் வேற்றுமையின்றியே கிடக்கிறது.

அந்தக் குறிப்பை எழுதத் தூண்டியவர் என் பாட்டியின் தமையன். முதல் உலகப் போரில் மதராஸ் சாப்பர்ஸ் படையில் சேர்ந்து ‘பசுரா’வுக்குப் போனவர், திரும்பவில்லை. பாட்டி சாகும்வரை அந்த ஊர்ப்பெயரை அப்படித்தான் சொன்னாள். ஈராக்கின் பாஸ்ரா நகருக்கருகே அப்போரில் மாண்டோருக்கு ஒரு பெரும் நினைவுச்சின்னம் உள்ளது. பிரித்தானிய வீரர்களின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் அதில் பொறிக்கப்பட்டன. சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கோ படைப்பிரிவின் பெயரும் மாண்டோர் தொகையுமே பொறிக்கப்பட்டன. போர்க்கல்லறை ஆணையம் இத்தகைய பாகுபாடுகளுக்காக 2021இல் வருத்தம் தெரிவித்தது.

அதே ஆணையம் 1952இல் அமைத்த கல்லறைத் தோட்டம் சென்னை நந்தம்பாக்கத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இறந்த எண்ணூறுக்கும் மேற்பட்டோர் அங்கே துயில்கின்றனர். பல ஊர்க் கல்லறைகளில் சிதறிக் கிடந்தோரைத் தேடி எடுத்து அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். அதிகாரிக்கும் கடைநிலை வீரனுக்கும் ஒரே அளவுக் கல். ஒவ்வொரு கல்லடியிலும் பூச்செடி. அந்த ஒழுங்கைப் பார்த்து வியந்தேன். அங்கே இவ்வளவு செய்யத் தெரிந்தவர்களுக்குப் பாஸ்ராவில் பெயர்கள் ஏன் நீளமாகத் தோன்றின என்ற கேள்வியும் உடன் எழுந்தது.

மாலை ஐந்து மணிக்குப் பிள்ளைகள் திரும்பினர். ஐப்பசி மழையில் ஓடையில் முழங்காலளவு நீர், எல்லாரும் நனைந்திருந்தனர். மேற்குத் தெரு மூதாட்டி ஒருவர் கரையில் அமர்ந்து ஒவ்வொரு மேடாகக் கைகாட்டிச் சொல்லச் சொல்ல, கீழத்தெருச் சிறுமி ஒருத்தி நோட்டில் எழுதி வந்திருந்தாள். ஒரு பெயர் கேட்டேன். முப்பத்தொரு பெயர்கள் இருந்தன. என் பாட்டியின் பெயருக்கு எதிரே, ‘பசுராவுக்குப் போனவர் தங்கை’ என்று எழுதியிருந்தாள்.

மறுநாள் பிள்ளைகளே உடைந்த நாட்டோடுகளைப் பொறுக்கி வந்து, வெள்ளைச் சாயத்தால் பெயர் எழுதி மேடுகளில் நட்டனர். ஓர் ஓட்டில் பெயர் கொள்ளவில்லை; பின்பக்கமும் எழுதினார்கள்.

நவம்பர் 2ஆம் நாள் மாலை, கிழக்குப் பகுதியில் மந்திரிப்பு முடிந்ததும் பங்குத்தந்தை பாதணிகளைக் கழற்றிவிட்டு ஓடையில் இறங்கினார். தீர்த்தச் செம்போடு உபதேசியார் பின்சென்றார். பாம்பைப் பற்றிச் சொன்ன பெரியவர் சற்று நேரம் கரையிலேயே நின்றுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாமும் இறங்கினார். இருட்டிவிட்டது. சிறுமி டார்ச் விளக்கைப் பிடிக்க, பங்குத்தந்தை ஒவ்வோர் ஓடாகக் குனிந்து பெயரை உரக்கப் படித்துத் தீர்த்தம் தெளித்தார். முப்பத்தொன்றையும் முடிக்க நெடுநேரம் ஆயிற்று.