பழக்கம் உண்டா?

கொஞ்சம் நீளமான திரெட். போன ஒரு வருஷத்துல நான் குடிச்சுப் பார்த்து எனக்குப் பிடிச்சுப்போன நம்மூர்ப் பக்கத்து கிராஃப்ட் பீர்களைப் பத்தி. அரசு மருத்துவமனை டாக்டர் பீரைப் பத்தி எழுதலாமான்னு கேக்குறவங்க கடைசி வரைக்கும் படிச்சுட்டுத் திட்டுங்க, வாங்கிக்கிறேன்.

என் முதல் பீர் எம்.பி.பி.எஸ். ரெண்டாம் வருஷத்துல. அப்ப நான் 48 கிலோ. "ஒல்லியா இருக்கடா, பீர் குடி, உடம்பு வைக்கும்"னு ஹாஸ்டல் சீனியர் ஒருத்தர் பாட்டிலை நீட்டினார். பயோகெமிஸ்ட்ரி பாஸ் பண்ணினவர்தான் சொல்றார்! ஸ்ட்ராங் பீர், வெதுவெதுன்னு ஆறிப்போன டீ மாதிரி. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு உள்ள தள்ளினேன். உடம்பு வைக்கல, வாந்திதான் வந்துச்சு. அதுக்கப்புறம் பத்து வருஷத்துக்கும் மேல அந்தப் பக்கமே போகல.

(இடையில ஒண்ணு. பீர் குடிச்சா கிட்னி கல் கரையும்னு நம்புறவங்க இன்னும் வாரத்துக்கு ரெண்டு பேர் ஓபிக்கு வர்றாங்க. கரையாது. சிறுநீர் அதிகமாப் போகும், அப்புறம் உடம்புல தண்ணி வத்தும். அதுக்குப் பச்சைத் தண்ணியே குடிக்கலாம்.)

மனைவிக்கு பெங்களூருல வேலை. நான் தமிழ்நாட்டுல ஒரு மாவட்ட ஆஸ்பத்திரி. டூட்டி இல்லாத வாரக் கடைசியில ரயில் ஏறிடுவேன். அப்படி ஒரு சனிக்கிழமை இந்திராநகர் டாய்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனா. 2010ல திறந்த இடம். அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊத்துறாங்க. நான் லைம் சோடா சொல்லப் போனேன். "குடிக்க வேணாம், மோந்து மட்டும் பாரு"ன்னு அவ கிளாஸை நீட்டினா. டாய்ட் வெய்ஸ். கோதுமை பீர். நீராகாரம் மாதிரி கலங்கலா இருந்துச்சு. மோந்தா வாழைப்பழ வாசனை! கூடவே லேசா கிராம்பு.

எசன்ஸ் சேர்க்குறாங்கன்னுதான் நினைச்சேன். இல்லையாம். எல்லாம் ஈஸ்ட் பண்ற வேலை. கோதுமை பீருக்குன்னே இருக்கிற ஈஸ்ட் வகை, சர்க்கரையைத் தின்னு ஆல்கஹாலா மாத்துறப்ப ஐசோஅமைல் அசிட்டேட்னு ஒரு பொருளையும் உண்டாக்குது. வாழைப்பழ வாசனை அதோடதுதான். தேனீ ஒண்ணு கொட்டினா மத்த தேனீக்களுக்கு "வாங்க, இங்கதான்"னு சொல்ல வெளியிடுற பொருளும் இதேதான். பார்லியையும் கோதுமையையும் முளைகட்டிக் காயவைக்கிறதுல தொடங்குது சமாச்சாரம். நம்ம பாட்டிங்க சத்துமாவுக்குக் கேழ்வரகை முளைகட்டுற அதே வேலை. முளைக்கிறப்ப உண்டாகுற என்சைம்தான் மாவுச்சத்தை சர்க்கரையா உடைக்குது. இதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. பத்து வருஷமா கசப்புன்னு ஒதுக்கி வச்ச ஒண்ணுக்குள்ள இவ்வளவு விஷயம் இருக்கா!

அப்புறம் என்ன, மொபைல்ல ஒரு நோட் திறந்து, குடிக்கிறதை எல்லாம் தேதி போட்டு எழுத ஆரம்பிச்சேன். டாய்ட்லயே பாஸ்மதி ப்ளாண்ட்னு அரிசி சேர்த்த ஒரு பீர் உண்டு. சும்மா காத்து மாதிரி இறங்கும். சோத்துக்குப் பொறந்தவனுக்கு அது பிடிக்காமப் போனாதான் அதிசயம். கைஸ்ட்டோட அங்கிள் டங்கல், கருத்த கோதுமை பீர், தோசையோட முறுகின ஓரத்தைக் கடிச்ச மாதிரி ஒரு ருசி. பேருக்காகவே ஒரு மார்க் கூடப் போட்டேன்.

கோவா போனப்ப எய்ட் ஃபிங்கர் எடி. 1960கள்ல கோவாவுக்கு வந்து தங்கின ஹிப்பி ஒருத்தரோட பேரு அது. இது ஐ.பி.ஏ. வகை. ஹாப்ஸ் பூவைத் தாராளமாப் போட்டுக் காய்ச்சுறது. ஹாப்ஸ் தாவரக் குடும்பப்படி கஞ்சாவோட சொந்தக்காரன், ஆனா போதை கிடையாது, கசப்பும் வாசனையும்தான். முதல் மடக்குல முகத்தைச் சுளிச்சேன். மூணாவது மடக்குல நாரத்தங்காய் ஊறுகாய் ஞாபகம் வந்துச்சு. சுண்டைக்காய் வத்தல் தின்னு வளந்த நாக்குக்குக் கசப்பைப் பழக்கிவிட வேண்டியதில்ல, யாராவது ஞாபகப்படுத்தினா போதும். என் லிஸ்ட்ல இதுக்குத்தான் முதலிடம். ரெண்டாவது அந்த வெய்ஸ். பாண்டிச்சேரியிலயும் கேடமரான்னு ஒரு ப்ரூவரி இருக்கு, ஒரே ஒரு தடவை போயிருக்கேன், இன்னொரு தடவை போகணும்.

(வாங்கிட்டு வரச் சொல்லி டிஎம் பண்ணாதீங்க. மாநில எல்லை தாண்டிக் கொண்டு வர்றது சட்டப்படி தப்பு. எனக்கு அரசு வேலை வேணும்.)

இனிமேதான் எழுதத் தயக்கமா இருக்கிற பகுதி.

எங்க வார்டுல ஒருத்தர். கட்டட மேஸ்திரி, நாப்பது சொச்சம் வயசு. (அவர்கிட்ட கேட்டுட்டுதான் எழுதுறேன். அடையாளம் தெரியுற விவரங்களை மாத்திட்டேன்.) கல்லீரல் சுருங்கி, வயித்துல நீர் கோத்து, மூச்சு விட முடியாம வந்தார். ஊசி போட்டு நீரை வடிச்சுக்கிட்டு இருக்கேன். பக்கெட் நிறையுது. நாங்க எல்லா பேஷண்ட்கிட்டயும் கேக்குற கேள்வி ஒண்ணு உண்டு: "பழக்கம் ஏதும் உண்டா?" பேச்சுவாக்குல அவர் அதை என்கிட்ட திருப்பிக் கேட்டார். "உங்களுக்குப் பழக்கம் உண்டா சார்?"

"சேச்சே, இல்லப்பா"ன்னேன். அதுக்கு முந்தின சனிக்கிழமைதான் அங்கிள் டங்கலுக்கு மார்க் போட்டிருந்தேன்.

ஏன் பொய் சொன்னேன்னு ரொம்ப நாள் யோசிச்சேன். அவர் குடிச்சது வேற, நான் குடிக்கிறது வேறன்னு மனசுக்குள்ள ஒரு கணக்கு. சரி, நிஜமாவே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 180 மில்லி குவார்ட்டர், 42.8 சதவீதம்: சுமார் 61 கிராம் ஆல்கஹால். 650 மில்லி ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம்: சுமார் 41 கிராம். நான் குடிக்கிற 330 மில்லி, 5 சதவீதம்: 13 கிராம். அளவுல பெரிய வித்தியாசம்தான். ஆனா கல்லீரலுக்கு வாழைப்பழ வாசனை தெரியாது. கிராம்தான் தெரியும். கொஞ்சமாக் குடிச்சா ஒண்ணும் ஆகாதுங்கிற பாதுகாப்பான அளவுன்னு எதுவுமே இல்லன்னு உலக சுகாதார நிறுவனம் 2023லயே சொல்லிடுச்சு. நான் எழுதினதைப் படிச்சுட்டு யாரும் புதுசா ஆரம்பிக்காதீங்க.

தினமும் குடிக்கிறவங்களுக்கும் ஒண்ணு. நிறுத்தணும்னா வீட்டுல உக்காந்து திடீர்னு நிறுத்தாதீங்க. ரெண்டு மூணு நாள்ல கை நடுக்கம், வலிப்பு, உளறல்னு உயிருக்கே ஆபத்தாப் போகலாம். நேரா எங்ககிட்ட வாங்க. மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுல இதுக்குன்னு மருந்து இருக்கு, காசு கிடையாது. யாரும் திட்ட மாட்டோம்.

மேஸ்திரி டிஸ்சார்ஜ் ஆகி ரெண்டு மாசம் கழிச்சு ரிவ்யூவுக்கு வந்தார். குடியை விட்டிருந்தார். முகம் தெளிஞ்சிருந்துச்சு. கூட அவர் வீட்டம்மா. சீட்டு எழுதி முடிச்சுட்டுச் சொன்னேன். "அன்னைக்குக் கேட்டீங்கல்ல, பழக்கம் உண்டான்னு. உண்டுங்க. மாசத்துக்கு ஒரு தடவை. பீர்."

அவர் சிரிச்சார். "பீரெல்லாம் ஒரு பழக்கமா சார்?"

அப்படி இல்லன்னு கிராம் கணக்கை எடுத்துச் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, "எவ்வளவு சார் அது?"ன்னார். கிராமைத்தான் கேக்குறாருன்னு நினைச்சேன். விலையாம்.

"ஒரு கிளாஸ் 400 ரூபாய்க்குப் பக்கம்."

"அரைநாள் கூலி" அப்படின்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்த வெலைக்கு வித்திருந்தா நானும் மாசத்துக்கு ஒண்ணுதான் சார் குடிச்சிருப்பேன்."

பதில் தேடிக்கிட்டு இருக்கிறப்பவே வீட்டம்மா குறுக்க பேசினாங்க. "இவரும் பீர்லதான் சார் ஆரம்பிச்சாரு. கல்யாணமான புதுசுல. மாசத்துக்கு ஒண்ணுன்னுதான் எங்கிட்ட சொன்னாரு."

அவங்க குத்திக்காட்டிச் சொல்லல. நடந்ததைச் சொன்னாங்க, அவ்வளவுதான். அடுத்த பேஷண்ட் உள்ள வந்தாச்சு.

அன்னைக்கு ராத்திரி குவார்ட்டர்ஸ்ல அந்த நோட்டைத் திறந்து எண்ணினேன். ருசிக்காக எழுதி வச்சது, தேதியும் இருக்கே. முதல் ஆறு மாசம் 5 கிளாஸ். அடுத்த ஆறு மாசம் 17.

பேஷண்ட் "எப்பவாவது"ன்னு சொன்னா ரெண்டால பெருக்கிக்கோங்கன்னு ஹவுஸ் சர்ஜன்களுக்குச் சொல்லிக் கொடுக்குறவன் நான். மாசத்துக்கு ஒரு தடவைன்னு நான் மேஸ்திரிகிட்ட சொன்னப்ப பொய் சொல்றதா நினைக்கவே இல்ல. நிஜமாவே அப்படித்தான் நம்பிக்கிட்டு இருந்தேன்.

வர்ற செவ்வாய் அவருக்கு அடுத்த ரிவ்யூ. பெங்களூருல மாம்பழ பீர் வந்துடுச்சுன்னு மனைவி நேத்து போட்டோ அனுப்பியிருக்கா. மஞ்சள் கலர்ல, மேல வெள்ளை நுரையோட அழகா இருக்கு. இன்னும் பதில் போடல.