பளபளப்புப் பை

வீட்டைச் சுத்தம் செய்வதில் எனக்குக் கொஞ்சம் மோகம் அதிகம். பழைய டப்பாவும் கசங்கிய காகிதமும் கண்ணில் பட்டால் அவற்றை வெளியே எறிகிறவரையில் எனக்குச் சோறு இறங்காது. உங்களிலும் என்னைப் போன்றவர்கள் சிலர் இருக்கத்தான் இருப்பீர்கள். அந்த மோகத்தினால் நான் செய்த ஓர் அபசாரத்தை உங்களிடம் ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

எங்கள் ஊர் அரியாங்குப்பம். ஆடி பிறந்தால் போதும், வீராம்பட்டினத்துத் தேருக்கென்று உறவுக் கூட்டம் எங்கள் வீட்டில் வந்து இறங்கிவிடும். அவர்களைப் படுக்க வைக்க இடம் வேண்டாமா? முன் அறையை ஒழிக்கப் போனேன். அது என் சின்ன மகனின் தொழிற்சாலை. டிப்ளமா படித்து, வேலைக்கு அலைந்து அலுத்து, வீட்டிலேயே கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்ய ஆரம்பித்திருந்தான். வீட்டில் ஏ.சி. உள்ள அறையும் அது ஒன்றுதான்.

அலமாரியைத் திறந்தால், அடாடா, ஒரே கசங்கல் பைகள்! சில ரோஜா நிறம். சில வெள்ளியும் சாம்பலும் கலந்த பளபளப்பு. ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் சீட்டு. அதில் முக்கோணத்துக்குள் ஒரு கை, குறுக்கே ஒரு கோடு. "குழந்தைகள் தொடக் கூடாது என்று போட்டிருக்கிறான் போலிருக்கிறது" என்று நினைத்துக்கொண்டேன். நான்தான் குழந்தை இல்லையே!

உள்ளே இருந்த தகடுகளையெல்லாம் எடுத்தேன். தூசியாக இருந்தவற்றை என் நைலக்ஸ் புடைவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தேன். கடையில் வாங்கிய புத்தம் புதுப் பாலிதீன் கவர்களில் போட்டு, ரப்பர் பாண்டு சுற்றி, வரிசையாக அடுக்கினேன். கண்ணைப் பறித்தது போங்கள்! பளபளப்புப் பைகள் சமையலறைக்குப் போய்விட்டன. வெந்தயத்துக்கு ஒன்று, கடுகுக்கு ஒன்று.

மாலையில் வந்த பிள்ளை அலமாரியைப் பார்த்தான். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். அவன் பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"ஏண்டா, என்ன ஆச்சு?" என்றேன்.

"சீப்பால் தலையை வாரிவிட்டு அதைக் காகிதத் துண்டுக்கு மேலே காட்டினால் என்ன ஆகும், அம்மா?"

"ஒட்டிக்கொள்ளும். இது தெரியாதா எனக்கு?"

"அதே மின்சாரம்தான். நைலானும் பாலிதீனும் உரசினால் உன் உடம்பிலேயே ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறும். மூவாயிரம் வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் உனக்குச் சுருக்கென்றுகூட இருக்காது. ஆனால், இதிலே இருக்கும் சில சில்லுகளுக்கு நூறு வோல்ட்டுக்குள்ளேயே உயிர் போய்விடும்."

"நாம் கடற்கரை ஊர்க்காரர்கள், காற்றெல்லாம் ஈரமாச்சே?" என்று கேட்டேன். நியாயமான கேள்விதான். ஈரக் காற்றில் அந்த மின்சாரம் தானாகவே கசிந்து போய்விடுமாம். ஆனால் ஏ.சி. ஈரத்தை உறிஞ்சிவிடுகிறதே! மற்ற அறையெல்லாம் அரியாங்குப்பம், அந்த அறை மட்டும் பாலைவனம்!

பைகளின் ரகசியத்தையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். ரோஜா நிறப் பை தான் உரசினாலும் மின்சாரத்தைச் சேர விடாது. வெளியிலிருந்து வருவதைத் தடுக்க அதற்குச் சக்தி கிடையாது. நாளானால் அந்தக் குணமும் குறைந்துவிடும். பளபளப்புப் பையின் சமாசாரம் வேறு. அதற்குள் மெல்லிய உலோகப் படலம் ஒன்று இருக்கிறது. வெளியே பாயும் மின்சாரம் படலத்தோடு ஓடிவிடும், உள்ளே நுழையாது. 1836-ல் மைக்கேல் ஃபாரடே என்ற விஞ்ஞானி, உலோகத் தகடு போர்த்திய ஓர் அறையைக் கட்டி இதை நிரூபித்தாராம். ஆனால் பையின் வாயை மடித்து மூட வேண்டும். ஓட்டை விழுந்தால் அதைத் தூர எறிய வேண்டும்.

இன்னொன்றும் சொன்னான், அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அம்பர் என்னும் மரப்பிசின் கல்லைத் துணியில் தேய்த்தால் துரும்பை இழுக்கும் என்று பழைய கிரேக்கர்கள் அறிந்திருந்தார்களாம். அந்தக் கல்லுக்கு அவர்கள் பாஷையில் 'எலெக்ட்ரான்'. எலெக்ட்ரிக், எலெக்ட்ரானிக் எல்லாம் அதிலிருந்து வந்த பெயர்கள்தான். எங்கள் ஊரை ஒட்டிய அரிக்கமேட்டை 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, ரோமாபுரி தேசத்து மண்பாண்டங்கள் கிடைத்தன அல்லவா? அத்தனை தூரம் கடல் கடந்து வந்த பாண்டங்களை எத்தனை பத்திரமாகக் கட்டியிருப்பார்கள்! நானோ கட்டி வைத்திருந்ததை அவிழ்த்தவள்.

சோதித்துப் பார்த்ததில் ஒரு மெமரித் தகடு செத்திருந்தது. மற்றவை பிழைத்தன என்று நினைத்தோம். அவற்றுள் ஒரு மதர்போர்டு, பக்கத்துத் தெருவில் கல்யாணப் பத்திரிகை டைப் செய்து கொடுத்துப் பிழைக்கும் ஒரு பெண்ணின் கம்ப்யூட்டருக்குப் போயிற்று. மூன்று வாரம் நன்றாக ஓடியது. ஆவணி முகூர்த்தம் நெருங்கிய சமயத்தில் கண்ணை மூடிவிட்டது. நான்கு நாள் வேலை போய், இரண்டு கல்யாண வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

இந்த மின்சாரத்தால் காயம்பட்ட சில்லு உடனே சாகாமல் சில நாள் நடமாடிவிட்டுச் சாவதும் உண்டாம். "உன்னால்தான் போயிற்று என்றும் சத்தியம் பண்ண முடியாது, அம்மா, இல்லை என்றும் பண்ண முடியாது" என்றான் பிள்ளை. அவளிடம் போய், "என் கைப்பிசகு, அக்கா" என்று சொல்லிவிட்டு, தன் பணத்தில் வேறு போர்டு வாங்கிப் போட்டான். அவனுடைய அரை மாத வருமானம் அதோடு சரி.

இப்போது அவன் மேஜையருகே போனால், முதலில் தரையோடு இணைத்த இரும்புச் சட்டத்தைத் தொடுகிறேன். தகட்டை ஓரத்தைப் பிடித்துத்தான் தூக்குகிறேன். நைலக்ஸ் கட்டிய நாளில் வாசற்படியோடு நின்றுவிடுகிறேன்.

ஆனால் பிள்ளை என் பழியைச் சுமந்தது மனத்தை அறுத்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய், புடைவைத் தலைப்பிலிருந்து வெந்தயம் வரை ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். அவள் முகத்தில் கோபம் வந்ததா, சிரிப்பு வந்ததா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. விறுவிறுவென்று உள்ளே போனாள். புது போர்டு வந்த பளபளப்புப் பையோடு திரும்பி வந்தாள். அதற்குள்ளே அவளுடைய ரேஷன் கார்டும் பாங்க் புத்தகமும் இருந்தன.

"அழகாக இருக்கிறதே என்று எடுத்து வைத்துக்கொண்டேன், அக்கா. தம்பிக்கு வேண்டுமானால் கொண்டுபோங்கள்" என்றாள்.