மதிப்பெண்ணும் மனச்சான்றும்

பள்ளி ஆண்டு நிறைவுற்றது. திருநின்றவூர்ப் பெற்றோராகிய நாம் பிள்ளைகளின் தேர்ச்சி அட்டையைக் கண்டு மகிழ்கிறோம். ஆனால், அந்த அட்டையில் நேர்மைக்கு மதிப்பெண் இல்லை.

2018ஆம் ஆண்டில் ஈரோடு மாவட்டத்தில், எளிய குடும்பத்தைச் சேர்ந்த இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், வழியில் கிடந்த 50,000 ரூபாயைப் பள்ளி ஆசிரியரிடம் ஒப்படைத்தான். அவன் செயல் பின்னர்த் தமிழ்ப் பாடநூலிலும் இடம்பெற்றது. பாடநூல் பிறகுதான் வந்தது. நேர்மை முன்னரே அவனிடம் இருந்தது.

பிள்ளைகளுக்கு முதல் ஆசிரியர் பெற்றோரே என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் போதித்தது. விடுமுறைக்கு மின்சார ரயில் ஏறும்பொழுது, ஆறு வயதுப் பிள்ளையை ‘நான்கு வயது’ என்று சொல்லப் பழக்கினால், அதுவும் ஒரு பாடமே. அன்பர்களே, அரைச் சீட்டு வாங்குவோம். பிள்ளை நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.