மாஞ்சோலைக்கு இரண்டு நாள்

அம்பத்தூரில் 'எஸ்டேட்' என்றால் தொழிற்பேட்டைதான். ஷேர் ஆட்டோக்காரர் கூவி அழைப்பதும் அதற்குத்தான். எங்கள் வாசிப்பு வட்டத்தில் பாதிப் பேர் அங்கே ஒப்பந்த வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஆவடியில் ஒரு தோழர் வீட்டு மொட்டைமாடியில் கூடுவோம். அங்கேதான் இன்னொரு எஸ்டேட்டுக்குப் போகும் யோசனை வந்தது. அது மாஞ்சோலை.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். அந்த யோசனை அரசியலால் வரவில்லை. ஒரு தோழர் கைப்பேசியில் காட்டிய மேகமும் தேயிலைச் சரிவும்தான் காரணம். "ஊட்டி, கொடைக்கானல் மாதிரி கூட்டம் இருக்காது, செலவும் கம்மி" என்றார். அரைமணி நேரத்தில் திட்டம் தயார். எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்தால் காலையில் திருநெல்வேலி. அங்கிருந்து கல்லிடைக்குறிச்சி, மணிமுத்தாறு சோதனைச் சாவடி, பிறகு மலைப்பாதை. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று வரிசையாகப் பார்த்துவிட்டு இறங்குவது. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் என்பதால் வனத்துறை அனுமதி வேண்டும். அதையும் ஒருவர் பொறுப்பில் விட்டோம்.

எங்களில் ஒரு தோழி மட்டும் எதுவும் பேசவில்லை. அவருடைய அம்மா நாலுமுக்கில் பிறந்தவர். பெரியம்மா சமீபத்தில்தான் மலையைவிட்டு இறங்கி, கல்லிடைக்குறிச்சியில் வாடகை வீட்டில் இருக்கிறார். தோழி அவரை அழைத்து, எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏளா, மேல என்னத்தப் பாக்கப் போறிய? பாதி வீடு பூட்டிக் கெடக்கு. எங்களப் பாக்கணும்னா கீழ வாங்க. மலைய மட்டும் பாக்கணும்னா போயிட்டு வாங்க, நான் என்ன சொல்ல?"

மாடியில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அன்று படிக்க வைத்திருந்த நூலை மூடிவிட்டு மாஞ்சோலையைப் பற்றியே பேசினோம்.

1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பாம்பே பர்மா நிறுவனம் சுமார் 8,373 ஏக்கர் காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்கு வாங்கியது. குத்தகை முடிவது 2028-ல். அந்தக் காட்டைத் தோட்டமாக்க மலையேறியவர்களில் பெரும்பாலோர் சமவெளியில் நிலமில்லாத தலித்துகள். 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி வீடு, மருத்துவமனை, பள்ளி எல்லாம் நிர்வாகத்தின் பொறுப்பாக இருந்தது. படிக்க நல்ல சட்டம்தான். ஆனால் அந்த வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும். ஜமீன் ஒழிந்து நிலம் அரசுக்கு வந்த பிறகும் பட்டா தொழிலாளிக்கு வரவில்லை. 2024-ல் விருப்ப ஓய்வு என்று வேலை நின்றபோது, மூன்று நான்கு தலைமுறையாக வாழ்ந்தவர்களின் கையில் ஊரின் ஒரு சென்ட் நிலம்கூட இல்லை. டான்டீ தோட்டத்தை ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த ஆண்டு டிசம்பரில் ஏற்கவில்லை.

இது நமக்குப் புதிதல்ல. அம்பத்தூரும் பூந்தமல்லியும் அன்றைய செங்கல்பட்டு மாவட்டம். 1891-ல் ஆட்சியர் திரமென்ஹீர் அந்த மாவட்டத்துப் பறையர்களைப் பற்றி எழுதிய அறிக்கையிலும் இதுவே அடிப்படைச் சிக்கல்: குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை என்றால், மிராசுதாரர் எப்போது வேண்டுமானாலும் வெளியேற்றலாம். வெளியேற்றலாம் என்ற பயம் இருக்கும்வரை கூலி உயர்த்திக் கேட்க வாய் வராது.

ஆனாலும் மாஞ்சோலைக்காரர்கள் கேட்டார்கள். 1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வு கேட்டும் கைதான தொழிலாளர்களை விடுவிக்கக் கோரியும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. தப்பிக்கத் தாமிரபரணியில் இறங்கியவர்களையும் விடவில்லை. 17 பேர் இறந்தார்கள். அவர்களில் இரண்டு பெண்களும் ஒன்றரை வயதுக் குழந்தையும் உண்டு.

இதையெல்லாம் எங்களில் பலர் மேடையில் பேசியவர்கள்தான். ஆனால் பயணத் திட்டம் போட்டபோது மேகம் நினைவுக்கு வந்தது, ஆறு வரவில்லை. அதுதான் எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

திட்டத்தை மாற்றிவிட்டோம். வரும் ஜூலை 22 இரவு ரயில். 23 காலை கொக்கிரகுளம் ஆற்றங்கரையில் அஞ்சலி செலுத்துவோருடன் நாமும் நிற்கிறோம். மதியம் கல்லிடைக்குறிச்சி. பெரியம்மாவும், இறங்கி வந்த மற்றவர்களும் பேச விரும்பினால் கேட்கிறோம். வாடகை எவ்வளவு, பிள்ளைகள் எந்தப் பள்ளியில், என்ன வேலை கிடைத்தது, மேலே இருப்பவர்களுக்கு என்ன தேவை என்று கேட்க வேண்டும். இரவு லாட்ஜில்தான் தங்குவோம், அவர்கள் வீட்டில் அல்ல. பத்துப் பேருக்குச் சோறு போடும் பாரத்தை அவர்கள் தலையில் வைக்கக்கூடாது. 24 அன்று அனுமதி கிடைத்தால் மலையேறி, இன்னும் அங்கே இருப்பவர்களைப் பார்த்துவிட்டு மாலைக்குள் இறங்குகிறோம். கிடைக்காவிட்டால் அந்த நாளும் கீழேயே. அதனால் பயணம் வீணாகிவிடாது.

தலைக்கு 1,500 ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். மழைக்காலம், மேலே அட்டை இருக்கும்; குடையும் உப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்காமல் யாரையும் படம் எடுக்க வேண்டாம். பூட்டிய வீட்டின் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கவே வேண்டாம்.

பெரியம்மாவிடம் மாற்றிய திட்டத்தைச் சொன்னோம். "அப்ப வாங்க" என்றார். "நம்ம ஊத்துத் தேயில கொஞ்சம் மிச்சம் இருக்கு, போட்டுத் தாரேன்."

வர விரும்பும் தோழர்கள் ஞாயிறு மாலை மாடிக்கு வாருங்கள். ஜெய் பீம்.